சார்ல்ஸ் மிட்செலின் வழியும் தங்கள் மகனின் விண்ணப்பமும்

டப்ளினிலிருந்து எழுதியிருக்கும் அம்மையாருக்கு வணக்கம்.

செய்தி வாசிப்பாளராக விரும்பும் தங்கள் மகன், பள்ளி இறுதித் தேர்வான லீவிங் சர்ட் முடித்ததும் நடிப்புதான் படிப்பேன் என்று சார்ல்ஸ் மிட்செலை முன்னுதாரணமாகக் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். தம்பி சொல்வது பொய்யில்லை. 1961 டிசம்பர் 31 அன்று அயர்லாந்தின் தேசியத் தொலைக்காட்சியான டெலிஃபீஷ் ஏரன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் முதல் செய்தி வாசிப்பாளரான மிட்செல், இதழியல் படித்து வந்தவரல்லர். டப்ளின் கேட் அரங்கில் நடித்துப் பழகியவர். 1984இல் ஓய்வு பெறும்வரை அயர்லாந்து வீடுகளில் செய்தி என்றால் அவர் முகம்தான்.

அந்த மேடைப் பயிற்சி எதற்கு உதவும் என்பதற்கு 1963 நவம்பர் 22 வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். டாலஸில் நண்பகல் 12.30க்கு அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டபோது டப்ளினில் மாலை 6.30. ஐந்து மாதங்களுக்கு முன்புதான் அயர்லாந்துக்கு வந்து, உறவினரைப் போலக் கொண்டாடப்பட்டுப் போனவர் அவர். அவருடைய மரணத்தை அந்த மக்களுக்குச் சொல்லும் பொறுப்பு மிட்செலிடம் வந்தது. ஒத்திகைக்கு நேரமில்லாத அத்தகைய வேளையில் மூச்சும் குரலும் கட்டுக்குள் நிற்பது பல ஆண்டுப் பழக்கத்தால் மட்டுமே வரும்.

ஆனால் தம்பி கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. அன்று செய்தியாளர்கள் எழுதிக் கொடுத்ததை நன்றாக வாசிப்பதே ஒரு தனி வேலை. இன்று அந்த நாற்காலியில் பெரும்பாலும் இதழியலாளர்களே அமர்கிறார்கள். செய்தியைத் திரட்டவும், சரிபார்க்கவும், நேரலையில் எதிரில் இருப்பவரைக் கேள்வி கேட்கவும் தெரியாதவருக்கு நல்ல குரல் மட்டும் கைகொடுக்காது. நடிப்பு வேண்டாம் என்று தடுக்காதீர்கள். அதைக் கல்லூரி நாடக மன்றத்தில் தொடரட்டும், பட்டம் இதழியலில் இருக்கட்டும் என்பதே என் கருத்து. டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. ஐரிஷ் மொழியில் தம்பிக்குப் பிடிப்பு இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம். அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஈயின் ஐரிஷ் செய்திப் பிரிவிலும் ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டிஜி4இலும் அது தனித் தகுதி.

கல்லூரிச் சேர்க்கைக்கான மத்திய அலுவலகமான சிஏஓவின் விண்ணப்பத்துக்கு பிப்ரவரி 1 கடைசி நாள். அதில் எட்டாம் நிலைப் படிப்புகளை, அதாவது ஆனர்ஸ் பட்டப் படிப்புகளை, விருப்ப வரிசையில் எழுத 10 இடங்கள் இருப்பதால், இதழியலை முதலில் வைத்து, தம்பியின் மனம் நோகாமல் டிரினிட்டியின் லிர் நடிப்புப் பள்ளியையும் சேர்க்கலாம். அங்கு நடிப்புத் தேர்வு உண்டு என்பதால், அந்தப் பெயரை மட்டும் ஜூலை 1 வரை அனுமதிக்கப்படும் விருப்பத் திருத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் இப்போதே எழுதிவிடுங்கள்.