வாசகர் கேள்வி – பதில்: பேஸ்பாலில் ஆள் எடுப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் அணிகளின் பொது மேலாளர்கள் இளம் வீரர்களை எவ்வாறு தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள்? ஐபிஎல் போல ஏலம் உண்டா?

பதில்: ஏலம் இல்லை. பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து அழைக்கும் ‘டிராஃப்ட்’ ஆண்டுதோறும் நடைபெறுகிறது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கே அதில் முன்னுரிமை. முதல் 10 சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் ஒப்பந்தத் தொகை மதிப்பிடப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகையே 2012 முதல் அணியின் செலவு வரம்பாக இருப்பதால், மேலாளரின் சாமர்த்தியம் பெரும்பாலும் பணத்தைப் பங்கிடுவதில்தான் தெரிகிறது.

2012 டிராஃப்டில் முதல் இடம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்குக் கிடைத்தது. பலரும் எதிர்பார்த்த கல்லூரிப் பந்துவீச்சாளர் மார்க் அப்பெலை விட்டுவிட்டு, போர்ட்டோ ரிக்கோவின் 17 வயது கார்லோஸ் கொரியாவை மேலாளர் ஜெஃப் லுனோ அழைத்தார். 72 லட்சம் டாலர் மதிப்புள்ள அந்த இடத்துக்குக் கொரியா 48 லட்சத்துக்கே இசைந்தார். மிச்சப்பட்ட பணத்தின் துணையோடு, கல்லூரிக்குப் போகவிருந்த லான்ஸ் மெக்கல்லர்ஸை 41ஆம் இடத்தில் 25 லட்சத்துக்கு லுனோ வசப்படுத்தினார்.

தேர்வானவர்கள் உடனே பெரிய அணிக்குள் நுழைந்துவிடுவதில்லை. ரூக்கி, ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என மைனர் லீக் எனும் கீழ்நிலைப் போட்டிகளின் படிகளில் பயிற்சி பெற வேண்டும். கொரியாவும் மெக்கல்லர்ஸும் அவ்வாறே 2015இல் மேலே வந்தனர். 2017இல், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் இறுதியின் ஏழாம் ஆட்டத்தில், மெக்கல்லர்ஸ் தம் கடைசி 24 பந்துகளையும் ‘கர்வ்பால்’ (வளைந்து இறங்கும் பந்து) ஆகவே வீசி நியூயார்க் யாங்கீஸை முடக்கினார். (அவ்வாண்டு வென்ற கோப்பையின்மீது பின்னர், எதிரணியின் பந்துவீச்சுச் சைகைகளைத் திருடிய கறை படிந்ததும், லுனோ பதவி இழந்ததும் தனிக்கதை.)

ஆனால் அதே லுனோதான் 2013இல் அப்பெலை முதல் இடத்தில் அழைத்தார். அப்பெல் மேஜர் லீக்கை எட்டியதோ 2022இல், அதுவும் ஃபிலடெல்ஃபியா அணிக்காக.