மஞ்சள் மண்டியில் சிவப்புப் பெருக்கல் குறி

கடையிலும் கம்பெனியிலும் ஓடுகிற பில்லிங், எடை, கூலிக் கணக்கு மென்பொருள்களைப் பற்றித்தான் இந்த முறை எல்லாக் கேள்வியும். நான்குமே மைக்ரோசாஃப்டின் டாட்நெட் விண்டோஸ் ஃபார்ம்ஸில் (விண்டோஸ் திரைகளைக் கட்டும் கருவித் தொகுப்பு) எழுதியவை.

மஞ்சள் மண்டி வெச்சிருக்கறமுங்க. தராசில் மூட்டை ஏறினதும் எடை தானா கிரிட்டில் (திரையில் கட்டங்கட்டமா இருக்கற பட்டியல்) வந்து விழும். வரத்து அதிகமான நாளில் திடீர்னு கிரிட் வெள்ளையாகி, மூலைக்கு மூலை சிவப்புக் கோடு விழுந்துருது. மூடித் திறந்தா சரியாகுது. கிராஃபிக்ஸ் கார்டு போயிருச்சுங்களா? (ஈரோடு)

கார்டு நல்லாத்தான் இருக்குதுங்க, காசைக் கரியாக்காதீங்க. அந்தப் பெருக்கல் குறியைப் போடுவது விண்டோஸ் ஃபார்ம்ஸே. ஒரு கன்ட்ரோல் (கிரிட், பட்டன், லேபிள் போன்ற திரைத் துண்டு) தன்னை வரையும் நேரத்தில் பிழை வெடித்தால், அதை மறுபடி வரைய முயலாமல் சிவப்புக் கோட்டைப் போட்டு ஒதுக்கிவிடும்.

தராசு சீரியல் போர்ட்டில்தானே இருக்கிறது? எடை வந்த சேதி, திரையைக் கவனிக்கும் த்ரெட்டில் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரடு) வராது. வேறு த்ரெட்டில் வரும். அங்கிருந்தே பட்டியலில் வரி சேர்த்தால், கிரிட் பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே அடியில் பட்டியல் மாறிவிடும். மூட்டை குறைந்த நாளில் இரண்டும் மோதிக்கொள்ள வாய்ப்பு குறைவு. வேறு த்ரெட் திரையைத் தொட்டால் பிழை சொல்லும் காவல் ஒன்று உண்டு, 'செக் ஃபார் இல்லீகல் கிராஸ் த்ரெட் கால்ஸ்'; எழுதித் தந்தவர் அதை ஃபால்ஸ் ஆக்கி அணைத்திருக்கிறாரா என்று பாருங்கள். குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனே வரலை என்கிற வேலை அது. எடையை பிகின் இன்வோக் வழியாகத் திரை த்ரெட்டுக்கு அனுப்பி, அங்கே வரி சேர்க்க வேண்டும். வெறும் இன்வோக் வேண்டாம். அது வேலை முடியும் வரை காத்து நிற்கும். அந்த நேரம் பார்த்துத் திரை த்ரெட் போர்ட்டை மூடினால், ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் உறைந்துபோகும்.

தறிக் கூலி மென்பொருள் காலையில் நல்லா ஓடுது. மத்தியானம் மூணு மணிவாக்கில் 'எரர் கிரியேட்டிங் விண்டோ ஹேண்டில்' னு சொல்லிச் செத்துப்போகுது. ரெஜிஸ்ட்ரியில் அளவைக் கூட்டச் சொல்றாங்க. (சோமனூர்)

ஹேண்டில் என்பது திரைத் துண்டுக்கு விண்டோஸ் தரும் அடையாள எண்; அதற்கு வரம்பு உண்டு. அந்த வரம்பைக் கூட்டினால் மூணு மணிக்குச் சாவது ஆறு மணிக்குச் சாகும், அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கத்தில் யூசர் ஆப்ஜெக்ட்ஸ் (ஜன்னல், கன்ட்ரோல் போன்றவை), ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் (ஃபான்ட், பிரஷ் போன்ற வரையும் சாமான்) இரண்டு பத்திகளையும் சேர்த்துக்கொண்டு பாருங்கள். ஒரு புரோகிராமுக்கு இரண்டிலும் வழக்கமான உச்சவரம்பு 10,000. ஒவ்வொரு தறிக்காரர் பெயரைத் தட்டும்போதும் எண்ணிக்கை ஏறி, இறங்காமலே இருந்தால் ஓட்டை அங்கேதான்.

கன்ட்ரோல்களை அடுக்கிய பேனலைக் காலி செய்ய 'கன்ட்ரோல்ஸ் கிளியர்' மட்டும் எழுதியிருப்பார்கள். அது கன்ட்ரோலைக் கண்ணில் படாமல் எடுக்குமே தவிர, ஹேண்டிலை விடாது. ஒரு தட்டுக்கு 40 கன்ட்ரோல் என்றால் 250 தட்டில் கணக்கு முடிந்தது. ஒவ்வொன்றையும் டிஸ்போஸ் செய்யச் (ஹேண்டிலோடு விடுவிக்கச்) சொல்லுங்கள், அதுவும் கடைசியிலிருந்து முன்னோக்கி. முதலிலிருந்து ஃபார் ஈச் (ஒவ்வொன்றாகச் சுற்றி வரும் கட்டளை) போட்டால் ஒன்று விட்டு ஒன்று தப்பிவிடும். நானே இதில் ஒரு நாள் முழுக்க மண்டை காய்ந்திருக்கிறேன்.

பீஸ் ரேட் கிரிட்டை உருட்டினா கண்ணு கூசற அளவுக்குத் துடிக்குது. (திருப்பூர்)

கிரிட்டைக் காட்டும் டேட்டா கிரிட் வியூ கன்ட்ரோலில் டபுள் பஃபர்ட் (மறைவில் முழுசாக வரைந்துவிட்டு ஒரேயடியாகத் திரையில் காட்டுவது) வசதி உண்டு, ஆனால் வெளியே தெரியாது. அதிலிருந்து ஒரு கிளாஸ் பிறப்பித்து உள்ளே ட்ரூ ஆக்கிக்கொள்ளலாம். அப்புறமும் இழுத்தால், ஒவ்வொரு கட்டத்தையும் காட்டும்போது நடக்கும் செல் ஃபார்மேட்டிங் நிகழ்வுக்குள் டேட்டாபேஸைக் கூப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்ப்பவர்களுக்கு மட்டும் டபுள் பஃபரை அணைத்து வைப்பது மேல்.

தமிழில் ஊர்ப்பேர் போட்டா 'புளியம்பட்டி'யில் 'பு'வோட கால் வெட்டுப்படுது. (சத்தியமங்கலம்)

லேபிளின் உயரம் ஆங்கில எழுத்துக்கு அளந்தது. ஃபான்ட்டை நிர்மலா யூஐ என்று நேரடியாகவே வையுங்கள், விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. ஆட்டோசைஸை ட்ரூ ஆக்குங்கள். கால் முளைத்துவிடும்.