அரிதாரப் பெட்டி: அகிலீஸ் என்ன நிறம்?

(மதுரை வட்டாரத்தில் திருவிழா நாடகங்களுக்கு டிரெஸ், மேக்கப் போட்டுவந்த பெரியவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: ‘ட்ராய்: ஃபால் ஆஃப் எ சிட்டி’ தொடரில் கறுப்பின நடிகர் டேவிட் ஜியாசி, ட்ராய் போரின் கிரேக்க மாவீரன் அகிலீஸாக வருகிறார். ‘கதையையே மாற்றிவிட்டார்கள்’ என்று நண்பர்கள் குதிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் ஐயா?
- வாசகர், திருமங்கலம்

ப: கிரேக்கக் கவி ஹோமர் தன் இலியட் காவியத்தில் அகிலீஸின் முடியைப் பொன்னிறம் என்றுதான் பாடுகிறார். 2018-ல் வந்த அந்தத் தொடர் அதைப் பொருட்படுத்தவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிராட் பிட் அகிலீஸாக நடித்து 2004-ல் வந்த ‘ட்ராய்’ படத்தில் மெம்னான் எங்கே போனான் என்று உங்கள் நண்பர்கள் கேட்டார்களா? எத்தியோப்பியர்களின் அரசன், விடியல் தேவதையின் மகன். ட்ராய்க்குத் துணையாகப் படையோடு வந்து அகிலீஸின் கையால் சாகிறவன். இலியட் ட்ராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது, மெம்னான் அதற்குப் பிறகு வருபவன் என்று சாக்குச் சொல்ல முடியாது. படம் ட்ராய் நகரத்தை வீழ்த்திய மரக்குதிரை வரை போகிறதே!

இன்னொரு கிரேக்கக் கதையில் வரும் ஆண்ட்ரோமெடாவும் எத்தியோப்பிய அரசன் மகள்தான். ரோமானியக் கவிஞர் ஓவிட் அவளைக் கறுத்தவள் என்றே எழுதியிருக்கிறார். ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ 1981-லும் வந்தது, 2010-லும் வந்தது. இரண்டிலும் வெள்ளைக்கார ஆண்ட்ரோமெடா. அப்போது கதை மாறவில்லையாம்.

எனக்குப் பிடித்த இடம் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் இருக்கிறது. ட்ராய் போருக்குப் போய்ப் பல வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் வீட்டுக்கு வரும் ஒடிசியஸ், தன் மனைவியிடமே, ‘உன் கணவனை நான் பார்த்திருக்கிறேன்’ என்று கதை விடுகிறான். அவள் அடையாளம் கேட்கிறாள். கணவன் உடுத்தியிருந்த ஆடையைச் சொன்ன கையோடு, கூட இருந்த கட்டியக்காரன் யூரிபேட்டிஸையும் சொல்கிறான்: வளைந்த தோள், கறுத்த தோல், சுருட்டை முடி. மேக்கப்காரனுக்கு இதற்கு மேல் என்ன குறிப்பு வேண்டும்?

கே: நம் மேடையில் மட்டும் என்ன வாழ்ந்தது?
- வாசகி, உசிலம்பட்டி

ப: ஒன்றும் வாழவில்லை அம்மா. அதில் என் கையும் உண்டு. உங்கள் ஊர்ப் பக்கம்தான், பங்குனிப் பொங்கலுக்கு வள்ளி திருமணம். வள்ளியாக வந்த பெண் நாவற்பழ நிறம், கணீரென்ற குரல். விழாக்காரர் என் காதோரம் வந்து, “அண்ணே, வள்ளிய நல்லா வெளுப்பாக் காட்டுங்க” என்றார். முத்துவெள்ளையைக் குழைத்துப் பூசி, மேலே ரோஸ் பவுடரை ஒற்றினேன். முகம், கழுத்தோடு வெள்ளை தீர்ந்துவிட்டது. தினைப்புனத்தில் அந்தப் பெண் கவணைச் சுழற்றி ஆலோலம் பாடும்போது டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். முன்வரிசையிலிருந்து ஒருவன், “மூஞ்சி யாருது, கை யாருது?” என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. அவள் பாட்டை நிறுத்தவில்லை. விடியற்காலையில் தேங்காயெண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே, “வேடன் மகளுக்கு எதுக்குண்ணே இத்தன மாவு?” என்று கேட்டாள். நான் பெட்டியைப் பூட்டுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

கே: கிரேக்கர்களே நடித்த கிரேக்கக் கதை எதையாவது பார்த்திருக்கிறீர்களா?
- வாசகர், மேலூர்

ப: ‘எலெக்ட்ரா’, 1962. இயக்கியவர் சைப்ரஸில் பிறந்த மைக்கேல் ககோயானிஸ். கறுப்பு வெள்ளைப் படம். எலெக்ட்ராவாக நடித்த ஐரீன் பாப்பாஸின் புருவத்தைப் பாருங்கள், மை தீட்டவே வேண்டாம்.

கே: ஹாலிவுட்காரர்கள் மதுரைக்கு வந்து கிரேக்கக் கதை எடுப்பார்களா?
- வாசகி, செல்லூர்

ப: கிண்டலாகக் கேட்கிறீர்கள். ஆனால் கதை தயாராகவே இருக்கிறது. மௌரியர் காலத்தில் இந்தியா வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் சொன்னதாகப் பிற்கால கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதியிருக்கிறார்: கிரேக்க மாவீரன் ஹெராக்ளிஸுக்கு (நாம் ஹெர்குலிஸ் என்போமே, அவன்தான்) இந்தியாவில் பாண்டையா என்று ஒரே மகள். அவள் ஆண்ட நாட்டுக்கும் அவள் பெயர்தான். அப்பா கொடுத்த சீதனம் 500 யானை, 4000 குதிரைப்படை, 1,30,000 காலாள். இதைப் பாண்டிய நாட்டோடும் நம் மீனாட்சியோடும் சேர்த்துப் பேசும் ஆய்வாளர்கள் உண்டு. ஹெராக்ளிஸ் படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. அந்தப் பெண்ணை எதிலும் நான் பார்க்கவில்லை. எடுப்பதாக இருந்தால் ஆள் அனுப்பட்டும். எங்கள் அம்மன் மரகத நிறம். பெட்டியில் பச்சை இருக்கிறது.