வேலையை விடாமல் எழுத்துரு ஆராய்ச்சி

ஒன்பது வருடமாகத் தமிழ் எழுத்துரு வரைகிறேன், வேலையை விட முடியாது, இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்புக்கு எம்.ஏ.வா எம்.ரெஸ்.ஸா (ஆய்வு முதுகலை) என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு எம்.ரெஸ்.தான் சரி. எம்.ஏ.வில் அங்கேயே தங்கி ஒரு எழுத்துருக் குடும்பத்தை வரைய வேண்டும்; அந்தக் கை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எம்.ரெஸ். தொழிலில் இருப்பவர்களுக்கென்று பகுதிநேரமாக அமைத்த படிப்பு, அவ்வப்போது போய்வந்தால் போதும், மீதி வாசிப்பும் எழுத்தும்தான்.

எனக்குக் கவலை உங்கள் ஆய்வுத் தலைப்புதான். 'தமிழ் அச்செழுத்து வரலாறு' என்றால் தமிழ் எழுத்தில் முதல் புத்தகம் அச்சான 1578 கொல்லத்திலிருந்து தொடங்க வேண்டும், ஒரு ஆய்வேட்டுக்குள் அடங்காது. தமிழக அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தை மட்டும் எடுங்களேன். லை, னை, ணா, றா போன்றவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் போனபோது அச்சகங்கள் புது அச்சு வாங்கினார்களா, பழையதையே வைத்து ஓட்டினார்களா, வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி என்ன ஆனது? தினமும் இந்த வளைவுகளோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்குத் தெரிவது வெறும் வரலாற்று மாணவருக்குத் தெரியாது.

ரெடிங்கில் லத்தீன் அல்லாத எழுத்துகளுக்கான பெரிய சேகரிப்பு இருக்கிறது. அதற்கு முன் சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் 1975 முதல் 1985 வரையான இதழ்களைப் புரட்டி, பத்துப் பக்கம் படமெடுத்து, கண்ணில் பட்ட மாற்றங்களை ஒரு பக்கம் எழுதுங்கள். விண்ணப்பத்தில் அதை வைத்துத் தொடங்குங்கள், அப்புறம் போர்ட்ஃபோலியோ (நீங்கள் வரைந்தவற்றின் தொகுப்பு). எழுதியதும் இங்கே போடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.