பழைய சூரியக் கடிகாரங்களைச் சேகரிக்க ஆசை. எதில் தொடங்குவது, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு பாகைமானி வாங்குங்கள். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பெட்டியில் இருக்குமே, அந்த அரைவட்டம்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதினைந்து வருடமாக எனக்கு இந்தப் பைத்தியம். கையில் இருப்பது மொத்தம் ஒன்பது உருப்படி. அதில் முதலில் வாங்கியது போலி. பாகைமானியை வைத்து ஒரு நிமிடம் அளந்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

கோவையில் எனக்கு லேத் பட்டறை. 2010ல் குடும்பத்தோடு கொச்சி போனபோது மட்டாஞ்சேரியில் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்தோம். கன்னங்கரேல் என்று ஒரு பித்தளைத் தட்டு, நடுவில் முக்கோணத் தகடு, சுற்றி ரோமன் எண்கள், அடியில் 'லண்டன் 1740'. டச்சுக்காரர் பங்களாத் தோட்டத்தில் இருந்தது என்றார் கடைக்காரர். பன்னிரண்டாயிரம் சொன்னார், எட்டாயிரத்துக்கு முடிந்தது. பெருமை தாங்காமல் ஹாலில் கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா, "இதென்ன சாமி இத்தனை கறுப்பா இருக்குது" என்று குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். கத்தலாம் என்று போனவன், வெளிச்சத்தில் அந்தத் தட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். எழுத்துகளின் விளிம்பெல்லாம் மொழுக்கென்று இருந்தது. எண்களுக்குள் ஊசிமுனை அளவு ஓட்டைகள். வார்ப்பில் காற்று மாட்டினால் வருமே, அதே ஓட்டைகள். பட்டறையில் தினமும் பார்க்கிற சமாச்சாரம், கறுப்புப் பூச்சு இருந்ததால் கண்ணில் படவில்லை. எழுத்து செதுக்கியதல்ல, தட்டோடு சேர்த்து வார்த்தது. (அசல் பழம்பொருளைப் புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்கவே கூடாது. களிம்போடு மெல்லிய கோடுகளும் மதிப்பும் போய்விடும்.)

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். தரையோடு படுத்திருக்கும் சூரியக் கடிகாரம் எதுவாக இருந்தாலும், அதன் முக்கோணத் தகட்டின் சரிவு அந்தக் கடிகாரம் இருக்கும் ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்கவேண்டும். நான் அந்தத் தகட்டை முள் என்றே சொல்வேன். லண்டனுக்கு ஐம்பத்தொன்றரைப் பாகை, கொச்சிக்குப் பத்து. என் தட்டில் அளந்தால் நாற்பத்தைந்து. லண்டனுக்கும் ஆகாது, கொச்சிக்கும் ஆகாது.

மணிக் கோடுகள் இன்னும் மோசம். கைக்கடிகாரம் மாதிரி எல்லாம் சமமாகப் பதினைந்து பதினைந்து பாகையில் இருந்தன. படுத்திருக்கும் தட்டில் அப்படி வரவே வராது. லண்டனுக்குக் கணக்குப் போட்டால் 11க்கும் 12க்கும் நடுவே சுமார் 12 பாகை, மாலை 5க்கும் 6க்கும் நடுவே 19 பாகை வரும். கோவைக்குப் போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். 11லிருந்து 12க்கு மூன்று பாகைகூடக் கிடையாது, 5லிருந்து 6க்கு 54 பாகை. நடுப்பகல் மணிகள் டவுன் பஸ் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ஓரத்து மணிகள் காலை நீட்டிப் படுத்திருக்கும்.

ஆகவே ஒரு டயலை, அதாவது சூரியக் கடிகாரத்தை, கையில் எடுத்ததும் அதன் வயதைக் கேட்காதீர்கள், 'நீ எந்த ஊர்?' என்று கேளுங்கள். முள்ளின் சரிவு ஓர் ஊரைச் சொல்லி, கோடுகள் வேறு ஊரைச் சொன்னால் அல்லது எந்த ஊரையும் சொல்லாவிட்டால், அது தோட்டத்து அலங்காரம். அப்படிப்பட்ட அலங்காரத் தட்டுகள் இங்கிலாந்திலேயே ஏராளமாக வார்க்கப்பட்டன. நம் நாட்டில் ரூர்கியிலும் மொராதாபாத்திலும் பித்தளை மாதிரிகள் செய்கிறார்கள். செய்பவர்கள் மாதிரி என்றே சொல்லி விற்கிறார்கள். நாலு கை மாறியதும் அது 'கப்பலில் வந்தது' ஆகிவிடுகிறது.

முள்ளின் அடியையும் பாருங்கள். முள் நான்கு மில்லிமீட்டர் தடிமன் என்றால், காலையில் நேரம் காட்டுவது ஒரு விளிம்பின் நிழல், மதியத்துக்கு மேல் மறு விளிம்பின் நிழல். அதனால் 12க்கு ஒரு கோடு போதாது. முள்ளின் தடிமன் அளவு இடைவெளி விட்டு இரண்டு கோடுகள் வேண்டும். வேலை தெரிந்த கைவினைஞர் இதை விடமாட்டார். போலி செய்பவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இங்கிலாந்தில் செய்த 18ஆம் நூற்றாண்டுத் தட்டுகள் பலவற்றில், உங்கள் வாட்ச் இன்றைக்கு எத்தனை நிமிடம் முந்தும், எத்தனை பிந்தும் என்று மாதவாரியாக ஒரு வளையமும் செதுக்கியிருப்பார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் கோடு வி வடிவப் பள்ளமாக, ஆரம்பத்தில் மெலிந்து போகப்போக ஆழமாக இருக்கும். உளி போன தடம் அது.

என்னிடம் இருப்பதில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று பட்டர்ஃபீல்டு டயல். மைக்கேல் பட்டர்ஃபீல்டு இங்கிலாந்துக்காரர், 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸில் கடை வைத்தவர், 1724ல் இறந்தார். உள்ளங்கையில் அடங்கும் எண்கோணத் தகடு, அதில் சின்னக் காம்பஸ், மடக்கி நிமிர்த்தக்கூடிய முள். முள்ளோடு ஒட்டி ஒரு குட்டிப் பறவை உட்கார்ந்திருக்கும். அதன் அலகு எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் அட்சரேகை. மூன்று நான்கு அட்சரேகைகளுக்கான மணிக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், பின்புறம் ஐரோப்பிய ஊர்களின் பட்டியல். இதே வடிவத்தைப் பாரிஸில் பியோன், ஷபோட்டோ, லாங்லுவா என்று பலர் செய்தார்கள். யார் செய்திருந்தாலும் ஏலத்தில் அதைப் பட்டர்ஃபீல்டு டயல் என்றே சொல்வார்கள். அதனால் விலை கொடுக்குமுன் கையொப்பத்தைப் படியுங்கள்.

அழகில் இதற்கு இணை கிடையாது. ஆனால் என் பறவையின் அலகு 40 முதல் 60 வரைதான் போகும். கோவையின் 11க்கு எவ்வளவு அழுத்தினாலும் குனியாது. ஐரோப்பாவுக்கு வெளியே யாரும் மணி பார்ப்பார்கள் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. விடுவேனா? 38 பாகைக்கு ஒரு மர ஆப்பு சீவி, வடக்குப் பக்கம் தாழும்படி டயலை அதன் மேல் வைத்து, பறவையை 49ல் நிறுத்தினேன். 49ல் 38 போனால் 11, முள் துருவத்தைப் பார்க்கும். நேரம் வந்தது! என்ன, சாய்ந்த காம்பஸில் ஊசி இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வடக்கை வேறு காம்பஸ் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

இன்னொன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து டயல், ஆண்ட்ரியாஸ் ஃபோக்லர் செய்தது, 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. நம் ஊரில் இருப்பவர் முதலில் வாங்கவேண்டியது இந்த வகைதான் என்பது என் அபிப்பிராயம். இதில் மணி வளையம் நிமிர்ந்து எழும், பக்கத்தில் உள்ள வில்லில் உங்கள் அட்சரேகைக்கு வைத்துக்கொள்ளலாம். என்னிடம் இருப்பதில் வில் 0 முதல் 90 வரை போகிறது. வளையம் பூமத்தியரேகைக்கு இணையாக நிற்பதால் இதில் கோடுகள் சமமாகவே இருக்கும், அதைப் பார்த்துப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். மார்ச் 20 முதல் செப்டம்பர் 23 வரை வளையத்தின் நடுவில் நிழல் காட்டும் ஊசி மேலே நிற்கவேண்டும், மற்ற ஆறு மாதம் கீழே. வீட்டில் இந்த ஊசி திருப்பும் நாளுக்கு 'அப்பாவோட பொங்கல்' என்று பெயர்.

இதன் காம்பஸில் ஒரு வம்பு உண்டு. எஸ், இ என்று இரண்டு எழுத்து சேர்ந்திருக்கும். தென்கிழக்கு என்று நினைத்தேன். லத்தீனில் அது வடக்கு! தெற்குக்கு எம், இ. இன்னொன்று, வடக்குக் குறிக்குக் கொஞ்சம் மேற்கே தள்ளி ஒரு கோடு போட்டிருக்கும். ஊசி அதன் மேல் நின்றால் டயல் உண்மையான வடக்கைப் பார்க்கும், அந்தக் காலத்து ஆக்ஸ்பர்க்கில். கோவையில் இன்று ஊசியின் பிசகு இரண்டு பாகைக்குள்தான். அது தெரியாமல் பிப்ரவரி மாதக் காலையில் அந்தக் கோட்டிலேயே ஊசியை நிறுத்தினேன், கால் மணி நேரம் போல் தப்பியது. ஆனால் அதே கோடு வயதையும் காட்டிக்கொடுக்கும். காந்த வடக்கு இடம் மாறிக்கொண்டே இருப்பது. லண்டனில் 1580 வாக்கில் 11 பாகை கிழக்கே இருந்தது, 1650களின் கடைசியில் நேர் வடக்குக்கு வந்தது, 1818 வாக்கில் 24 பாகை மேற்கே போய்விட்டது. 1600ல் லண்டனில் செய்தது என்று சொல்லும் டயலில் கோடு மேற்கே இருந்தால், விற்பவரிடம் ஒரு புன்னகையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காக வைத்தும் மொபைலோடு நேரம் ஒத்துப்போகாது. பயப்படவேண்டாம், டயல் காட்டுவது உங்கள் தெருவின் நேரம். நம் மொபைல் காட்டும் இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம், 1906 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பது. அதற்கு முன்பு ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. கோவை அந்த ரேகைக்கு மேற்கே இருப்பதால் 22 நிமிடம் பின்தங்கும், சென்னை 9 நிமிடம். அதோடு பூமியின் ஓட்டம் சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் பிப்ரவரி நடுவில் இன்னும் 14 நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். ஆக, பிப்ரவரியில் கோவையில் டயல் 12 காட்டும்போது மொபைலில் 12:36. நவம்பரில் 12:06. இந்தக் கணக்கு போட்டபின் ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்துக்குள் ஒத்துவரும். முதல்முறை ஒத்துவந்தபோது பட்டறைப் பையன்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருத்தனும் அசரவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூரம்பெர்க் நகரத்துத் தந்த டயல்கள், புத்தகம் போல் மடங்குபவை, கண்ணைப் பறிக்கும். டூக்கர் குடும்பத்துக்குப் பாம்பு, ரைன்மானுக்குக் கிரீடம் என்று ஒவ்வொருவருக்கும் முத்திரை உண்டு. மியூசியத்தில் பார்த்து ரசியுங்கள். யானைத் தந்தம் வாங்குவது விற்பது நம் நாட்டில் குற்றம். அஸ்ட்ரோலேப் (சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் பழைய கருவி) பக்கமும் போகாதீர்கள், நம் கைக்கு எட்டும் விலையில் வருவது ஏறக்குறைய எல்லாமே புதுசு. மணல் கடிகாரத்தில் பழையது என்றால் இரண்டு கண்ணாடிக் குடுவைகளைத் தனித்தனியாக ஊதி, இடுப்பில் மெழுகும் நூலும் வைத்துக் கட்டியிருப்பார்கள்.

நாழிகை வட்டில், அதாவது அந்தக் காலத்துத் தண்ணீர்க் கடிகாரம், என்று சொல்லி அடியில் ஓட்டை போட்ட செம்புக் கிண்ணங்களை விற்கிறார்கள். முல்லைப்பாட்டில் வரும் 'குறுநீர்க் கன்னல்' இதுதான் என்று ஒருவர் என்னிடமே வசனம் பேசினார். தண்ணீரில் மிதக்கவிட்டால் ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், மூழ்கவேண்டும். அவருடையது ஏழு நிமிடத்தில் போய்விட்டது. சாதாரண அபிஷேகக் கிண்ணத்தில் டிரில் போட்ட ஓட்டை, பிசிறுகூட எடுக்கவில்லை.

கண் பழகுவதற்கு ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று மியூசியத்தின் இணையப் படங்களைப் பாருங்கள். காகிதத் தொழிலில் இருந்த லூயிஸ் எவன்ஸ் என்பவர் தன் வாழ்நாள் சேகரிப்பை 1924ல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார், அதிலிருந்து பிறந்த மியூசியம் அது. 1989ல் தொடங்கிய பிரிட்டிஷ் சூரியக் கடிகாரச் சங்கத்திலும் சேரலாம். கும்பகோணம் பக்கம் போனால் திருவிசநல்லூர் சிவன் கோயில் மதிலில் இருக்கும் அரைவட்டக் கடிகாரத்தைப் பாருங்கள், காசு செலவில்லை.

வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தால் பில்லில் வயது நூறு வருடத்துக்கு மேல் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். சுங்கத்தில் பழம்பொருளுக்குத் தனித் தலைப்பு இருக்கிறது, 9706. என் ஆக்ஸ்பர்க் டயலைச் சுங்க ஏஜென்ட் ஒருவர் 'பித்தளைக் காம்பஸ், புதியது' என்று எழுதிவிட்டு மூன்று வாரம் அலையவிட்டார். உள்ளே வந்ததைத் திரும்ப வெளியே விற்கலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். நூறு வயது தாண்டிய பொருளைத் தனியாள் ஏற்றுமதி செய்ய 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் விடாது.

கொச்சித் தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போலியாக இருந்தாலும் நல்ல கனமான பித்தளை. லேத்தில் பிடித்துப் பின்புறத்தைச் சீவி, கோவைக்கான கோடுகளை நானே வெட்டினேன். முள் 11 பாகைக்குப் புதிதாகச் செய்ததால் படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும். மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன், அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்க்கிறார். போன மாதம் சேகரிப்பைப் பார்க்க வந்த ஒருவர் பட்டர்ஃபீல்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கொடுத்தார். மாடிக்குப் போனதும், "இது எந்தக் காலத்துதுங்க, கொடுப்பீங்களா?" என்று கேட்டார்.