மாமா கேட்டால் ஸ்டாக் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சி.ஏ. முடித்து கரூரில் தனியாக ஆபீஸ் போட்டிருக்கிறேன். விசைத்தறி வைத்திருக்கும் என் தாய்மாமா, பேங்கில் சிசி லிமிட் (சரக்கை ஈடாக வைத்து வேண்டும்போது எடுக்கும் கடனின் உச்சவரம்பு) கூட்டுவதற்காக 60 லட்சம் ஸ்டாக்கை ஒரு கோடி என்று காட்டி சர்டிஃபிகேட் கேட்கிறார். "வட்டியை ஒழுங்காகக் கட்டத்தானே போகிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார். மறுத்தால் வீட்டில் பிரச்சினை. பேங்குக்கு நான் இதைச் சொல்லவும் வேண்டுமா?

பதில்: போடாதீர்கள். பேங்குக்கு ஓடவும் வேண்டாம்.

யாருக்கு நஷ்டம் என்பதைப் பேப்பரில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்டாக் 60 லட்சம், நூல்காரர்களுக்குப் பாக்கி 20 லட்சம் என்று வையுங்கள். மீதி 40-ல் பேங்க் 25 சதவீதம் மார்ஜின் என்று கழித்துக்கொண்டால் டிராயிங் பவர், அதாவது மாமா எடுக்கக்கூடிய தொகை, 30 லட்சம். ஸ்டாக்கை ஒரு கோடியாக்கினால் அதுவே 60 லட்சம். ஆக, குடோனில் இல்லாத துணியின் மேல் 30 லட்சம் எடுக்கலாம். தொழில் ஓடும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் இரண்டு சீசன் படுத்து, பேங்க் ஆட்கள் குடோனைத் திறந்து எண்ண ஆரம்பித்தால் மாமா முதலில் சொல்லப்போவது "ஆடிட்டர்தானே போட்டுக்கொடுத்தார்" என்பதுதான். தாய்மாமா என்பதால் சொல்லமாட்டார் என்று நம்பாதீர்கள். போதாக்குறைக்கு வருமான வரி அதிகாரியும் கேட்பார்: புக்ஸில் 60, பேங்கில் ஒரு கோடி, அந்த 40 லட்சம் சரக்கு வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?

ஃபீஸ் கொடுப்பது மாமா, ஆனால் அந்தப் பேப்பரை நம்பிப் பணம் கொடுப்பது பேங்க். கையெழுத்துக்கு மதிப்புள்ள எல்லாத் தொழிலிலும் இதே சிக்கல்தான். டாக்டர் தரும் மெடிக்கல் சர்டிஃபிகேட்டை நோயாளி படிப்பதில்லை, அவருடைய ஆபீஸ்தான் படிக்கிறது. அதனால்தான் 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகள், கொடுத்த ஒவ்வொரு சர்டிஃபிகேட்டுக்கும் பதிவேடு வைக்கச் சொல்கின்றன.

நம் தொழிலில் இதற்குப் பெரிய பாடம் சத்யம் என்ற ஹைதராபாத் கம்ப்யூட்டர் கம்பெனி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், பேங்க் இருப்பில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது என்று ஒப்புக்கொண்டார். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் நீதிமன்றம் தண்டித்த 10 பேரில் இரண்டு பேர் ஆடிட்டர்கள் (பிறகு அப்பீல் போனார்கள், அது தனிக் கதை). கம்பெனி நீட்டிய பேப்பரோடு திருப்திப்பட்டது, அங்கே ஆடிட்டர்கள் மேல் வந்த புகார்களில் ஒன்று. உங்கள் நிலை அதைவிட மோசம், ஏனென்றால் பொய் என்று தெரிந்தே போடப்போகிறீர்கள். 1949-ம் வருட சி.ஏ. சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் கவனக்குறைவே ஒழுங்கீனம்தான். 18 இலக்க யுடிஐஎன் (ஒவ்வொரு சர்டிஃபிகேட்டுக்கும் சி.ஏ. ஆன்லைனில் எடுக்கும் தனி எண்) இல்லாமல் சர்டிஃபிகேட் செல்லாது, அதை பேங்க் மேனேஜர் ஆன்லைனிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம், அதனால் "அது என் கையெழுத்தே இல்லை" என்று பின்னால் நழுவவும் வழியில்லை.

சரி, ஏன் பேங்குக்குச் சொல்ல வேண்டாம்? அதே அட்டவணைதான், வேலை நிமித்தமாகத் தெரிந்துகொண்டதை கிளையன்ட் சம்மதமோ சட்டத்தின் கட்டாயமோ இல்லாமல் வெளியே சொல்வதையும் ஒழுங்கீனம் என்கிறது. மாமா இதுவரை கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஏற்கெனவே இப்படி ஒன்று போட்டுக்கொடுத்திருந்தால் கதை வேறு, உடனே ஒரு சீனியரைப் பாருங்கள்.

சொந்தக்காரரிடம் சட்டம் பேசினால் சண்டைதான் வரும். "மாமா, உள்ள ஸ்டாக்குக்கு வேண்டுமானால் இன்றைக்கே போட்டுத்தருகிறேன்" என்று ஆரம்பியுங்கள், அப்புறம் அவருக்கு வரவேண்டிய பாக்கிகளின் லிஸ்ட்டை வாங்கிப் பாருங்கள். பல தறிக்காரர்களுக்குப் பணமுடை வருவதே அங்கேதான். அவர் சிறு உற்பத்தியாளராக உத்யம் என்ற அரசுப் பதிவைச் செய்திருந்தால், வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ன் எம்எஸ்எம்இ சட்டம், தவறினால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி. இழுத்தடிப்பவர்களுக்கு முதலில் ஒரு கடிதம், அசையாவிட்டால் சிறு தொழில்களின் பாக்கிக்கான அரசு ஆன்லைன் போர்ட்டலில் புகார். அந்தக் கடிதத்தை நீங்களே டிராஃப்ட் செய்து கொடுங்கள், ஃபீஸ்கூட வாங்க வேண்டாம்.