இசக்கி என்று பெயர் வைத்தால் கேலி செய்வார்களா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். கணவருக்குத் தென்காசிப் பக்கம். இப்போது சென்னையில் இருக்கிறோம். பெண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. குலதெய்வத்துக்கு நேர்ந்திருப்பதால் 'இசக்கியம்மாள்' என்றுதான் வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். எனக்கு 'தன்விகா' என்று வைக்க ஆசை. இசக்கி என்ற பெயரையே கல்யாணத்துக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்ய மாட்டார்களா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: சகோதரி, உங்கள் சொந்தத்தில் பண்ணாரி என்று ஒருவராவது இருப்பார். இல்லையென்றால் ஒரு மருதாசலம், ஒரு நாச்சிமுத்து. கோபியில் அந்தப் பெயர்களை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. தென்காசியில் போய் 'பண்ணாரி' என்று சொல்லிப் பாருங்கள், 'அது எந்த ஊரு?' என்பார்கள். சத்தியமங்கலத்தைத் தாண்டி இருக்கும் அம்மனை அங்கே யாரும் நேர்ந்துகொள்வதில்லை, அவ்வளவுதான்.

இசக்கியும் அப்படித்தான். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரிப் பக்கம் எங்கே போனாலும் ஓர் இசக்கியம்மன் கோயில் கண்ணில் படும். குமரி மாவட்டத்தில் காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் முப்பந்தல் கோயில் பேர்போனது. கையில் பிள்ளையோடு நிற்கிற தெய்வம் அவள். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொள்வதும், பிறந்ததும் அவள் பெயரையே வைப்பதும் அங்கே வழக்கம். சுடலைமுத்து, பேச்சியம்மாள், முப்பிடாதி எல்லாம் அந்தப் பக்கத்துப் பெயர்கள்தான். பள்ளி வருகைப் பதிவேட்டில் இசக்கிமுத்து ஏ, இசக்கிமுத்து எம், இசக்கிமுத்து எஸ் என்று இனிஷியலை வைத்து ஆளைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

பெரிய கோயில் சாமிகளின் பெயர்கள் ஊரை விட்டு வெளியே வந்துவிட்டன. திருவாரூர்த் தியாகராஜனும் திருவண்ணாமலை அண்ணாமலையும் சங்கரன்கோவில் கோமதியும் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிராமத்துக் காவல் தெய்வங்களின் பெயர்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு அது புதிதாக இருக்கிறது.

தன்விகா நல்ல பெயர்தான். ஆனால் இப்போது ஓசூரிலிருந்து நாகர்கோவில் வரை எல்லோரும் நட்சத்திர எழுத்து, எண் கணிதம், செல்போனில் வரும் பட்டியல் என்று ஒரே மாதிரிதான் தேடுகிறார்கள். குழந்தையின் பெயரைக் கேட்டு ஊரைச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. சென்னைப் பள்ளியில் உங்கள் மகள் 'தன்விகா பி' ஆகிவிடவும் கூடும்!

கேலியே வராது என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் எந்தப் பெயரையும் விட்டுவைப்பதில்லை. எனக்கு என்னவோ, 'அம்மாள்' என்ற வால்தான் பழசாகத் தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் 'இசக்கி' சின்னதாக, கூப்பிட வாகாக இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். அம்மன் பெயர் அப்படியே இருப்பதால் மாமியாரும் மறுக்க வாய்ப்பில்லை. வீட்டில் நீங்கள் தன்வி என்று கூப்பிடுங்கள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த காலத்தில், பாட்டி பெயர் வைத்த பிள்ளைகளுக்கெல்லாம் கூப்பிட ஒரு பெயர் தனியாக இருக்கத்தானே செய்தது? இரண்டையும் ஒட்டி 'இசக்கி தன்விகா' என்று மட்டும் சான்றிதழில் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட் படிவத்தில் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று அவள் காலம் முழுக்க விளக்கிக்கொண்டிருப்பாள்.

அவசரமும் இல்லை. பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டுகள் வரை சேர்க்க வழி உண்டு. ஏற்றிய பெயரை மாற்றுவதுதான் பெரும்பாடு. அதனால் கணவரும் நீங்களும் மாமியாரும் உட்கார்ந்து பேசி முடித்த பிறகு விண்ணப்பம் கொடுங்கள். இசக்கி என்று முடிவானால், ஆங்கிலத்தில் முதலெழுத்து 'ஈ'யா 'ஐ'யா என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். கணவர் வீட்டில் ஏற்கெனவே ஓர் இசக்கி இருந்தால், அவருடைய ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டுவிடுங்கள்.